எதைச் சுடப் போறீங்க?

மெரினா மணலில் பலூன் சுடும் கடைக்கு முன்னால் நான் முதன்முதலாக நின்றபோது எனக்கு எட்டு வயது. அப்பா ஐந்து குண்டுக்குக் காசு கொடுத்தார். பலகையில் வரிசையாகக் கட்டியிருந்த பலூன்கள் கடற்காற்றில் ஆடிக்கொண்டிருந்தன. கடைக்காரர் துப்பாக்கியின் குழலை மடக்கி, குண்டைத் திணித்து, நிமிர்த்தி என் தோளில் வைத்தார். நடு வரிசையிலிருந்த சிவப்பு பலூனைக் குறிவைத்தேன். உடையவில்லை. அடுத்த குண்டும் வீணாயிற்று. மூன்றாவதற்கு முன் அவர் என் காதருகே குனிந்து, "தம்பி, பக்கத்துல இருக்கிற மஞ்சளப் பாத்து அடி, செவப்பு ஒடையும்" என்றார். மஞ்சள், சிவப்புக்கு வலப்பக்கம் இருந்தது. சொன்னபடி அடித்தேன். சிவப்பு உடைந்தது.

அந்த ஒரு வார்த்தையில் குறி பார்த்துச் சுடுவதன் பாதிப் பாடம் அடங்கியிருந்தது என்பது எனக்கு விளங்க நாற்பது ஆண்டுகள் ஆயின. அவருடைய துப்பாக்கி இடப்பக்கம் இழுத்தது. ஆனால் ஒவ்வொரு முறையும் அதே அளவுதான் இழுத்தது. அதனால்தான் அவரால் அப்படிச் சொல்ல முடிந்தது.

2024இல் பாரிஸ் ஒலிம்பிக் நடந்த நாட்களில் என் மகள் தொலைக்காட்சியை விட்டு நகரவில்லை. மனு பாக்கர் 10 மீட்டர் ஏர் பிஸ்டலில் வெண்கலம் வாங்கினார். இரண்டே நாளில் சரப்ஜோத் சிங்கோடு சேர்ந்து இன்னொரு வெண்கலம். கடலூரில் பிறந்து குஜராத்தில் வளர்ந்த இளவேனில் வாலறிவன் அதே ஒலிம்பிக்கில் ஏர் ரைஃபிளோடு நின்றதையும் பார்த்தாள். "அப்பா, நானும் ஒரு தடவ சுட்டுப் பாக்கணும்" என்றாள். அவளுக்குப் பதினான்கு வயது. அந்த ஆசைக்குள் என் எட்டு வயதும் இருந்ததை நான் அவளிடம் சொல்லவில்லை.

அண்ணா சாலையை ஒட்டிய தெரு ஒன்றில் இருந்த பழைய துப்பாக்கிக் கடைக்குப் போனேன். போவதற்கு முன் ஒரு வாரம் ஏர்கன் விளம்பரங்களைப் படித்திருந்தேன். எல்லாவற்றிலும் வேகத்தைத்தான் பெரிய எழுத்தில் போட்டிருந்தார்கள்: நொடிக்கு இத்தனை அடி, அதைவிட இத்தனை அடி கூடுதல். ஆகவே கடையில் நான் கேட்ட முதல் கேள்வி, இருப்பதில் வேகமானது எது என்பது.

கல்லாவில் இருந்த பெரியவர் பதில் சொல்லவில்லை. "எதைச் சுடப் போறீங்க சார்?" என்று கேட்டார்.

"காகிதத்த."

"எவ்ளோ தூரத்துல?"

"பத்து மீட்டர், அய்யா."

"காயிதத்துல ஓட்ட போட அவ்ளோ வேகம் எதுக்கு சார்?"

எந்தத் துப்பாக்கி என்ற கேள்வி அந்த இடத்தில்தான் தொடங்க வேண்டும் என்று இன்று உறுதியாகச் சொல்வேன். உலகப் போட்டிகளில் சுடப்படும் 10 மீட்டர் ரைஃபிள்களில் குண்டு நொடிக்கு ஏறத்தாழ 175 மீட்டர் வேகத்தில்தான் போகிறது. அதைக் கூட்ட முடியாமல் அல்ல. கூட்டத் தேவையில்லாததால் அப்படிச் செய்கிறார்கள். வேகம் ஒலியின் வேகத்தை, அதாவது நொடிக்கு 340 மீட்டரை, நெருங்கினால் இந்தச் சிறு ஈயக் குண்டு காற்றில் தடுமாறத் தொடங்கும். வலுவான ஸ்பிரிங் கையை அதிகம் உலுக்கும். மடக்குவதற்கும் அதிக பலம் கேட்கும். காகிதத்துக்கு இவை எதுவும் வேண்டாம்.

பிறகு சட்டம். வெடிமருந்தில் சுடும் .22 ரைஃபிளும் சிறு காலிபர்தான், அதாவது குறுகிய குழல் கொண்டதுதான். உலகில் பல நாடுகளில் பொழுதுபோக்காகக் குறி பழகுகிறவர்கள் முதலில் எடுப்பது அதைத்தான். இந்தியாவில் அதற்கு 1959ஆம் ஆண்டு ஆயுதச் சட்டப்படி உரிமம் வேண்டும். 2016ஆம் ஆண்டு ஆயுத விதிகள் ஏர்கன்னுக்குத் தெளிவான ஒரு கோடு போட்டிருக்கின்றன. குழலின் உள்விட்டம் .177 அங்குலத்தை, அதாவது 4.5 மில்லிமீட்டரைத் தாண்டக் கூடாது; குழல்வாயில் ஆற்றல் 20 ஜூல் அளவைத் தாண்டக் கூடாது. இரண்டில் ஒன்று தாண்டினாலும் உரிமம் வேண்டும். அரை கிராம் எடையுள்ள குண்டுக்கு 20 ஜூல் என்பது நொடிக்கு 280 மீட்டர் வேகம். காகிதம் சுடுகிறவனுக்கு அந்தக் கோட்டுக்குள்ளேயே தாராளமாக இடம் இருக்கிறது. பெரியவர் என் அடையாள அட்டையை வாங்கிப் பேரேட்டில் எழுதிக்கொண்டார். அப்படி எழுதுகிற கடையில்தான் வாங்க வேண்டும்.

எழுதி முடித்து மூன்று வகைகளை மேசைமேல் வைத்தார். முதலாவது, குழலை மடக்கி இயக்கும் ஸ்பிரிங் துப்பாக்கி. மடக்கும்போது உள்ளே ஸ்பிரிங் சுருங்கும். விசையை அழுத்தினால் பிஸ்டன் பாய்ந்து முன்னாலிருக்கும் காற்றை நெருக்கும். அந்தக் காற்று குண்டைத் தள்ளும். இரண்டாவதில் ஸ்பிரிங்குக்குப் பதில் அடைத்து வைத்த வாயு. மூன்றாவது, முன்கூட்டியே அழுத்தக் காற்று நிரப்பிய உருளை கொண்டது. அதிர்வே இல்லாத அளவு மென்மையாகச் சுடும். மூன்றாவதைத் தோளில் வைத்ததும் என் மனம் அதிலேயே போய்விட்டது. "இதுக்குக் காத்து அடிக்கணும். அதுக்கு ஒரு பம்பு, இல்லன்னா சிலிண்டர். மீட்டர், சீல், ரிப்பேர். துப்பாக்கி வெலையில பாதி அதுக்கே போவும்" என்றார் பெரியவர். துப்பாக்கியின் விலை என்பது துப்பாக்கியின் விலை மட்டும் அல்ல என்று அப்போது புரிந்தது.

வெளிநாட்டு மேட்ச் ரைஃபிள்கள் லட்சங்களில் விற்கின்றன. போட்டிக்குப் போகிறவர்களுக்கு அவை அவசியம்தான். எங்களுக்கு வேண்டியது ஞாயிற்றுக்கிழமைக் காலை இரண்டு மணி நேரம். பிரிசிஹோல் போன்ற நம் நாட்டு நிறுவனங்கள் இப்போது நல்ல குழல்களோடு சாதாரணக் குடும்பம் எட்டக்கூடிய விலையில் செய்கின்றன. கடைசியில் உள்நாட்டு ஸ்பிரிங் துப்பாக்கி ஒன்றைத் தேர்ந்தோம். அதுவும், என் மகளையும் கூட்டி வரச் சொல்லி, மறுவாரம் பெரியவர் அவள் கையில் கொடுத்துப் பார்த்த பிறகுதான். அவளால் தானாகக் குழலை மடக்க முடிகிறதா, கட்டை அவள் தோளுக்கும் கன்னத்துக்கும் பொருந்துகிறதா, ஐந்து நிமிடம் ஏந்தினால் இடக்கை நடுங்குகிறதா என்று பார்த்தார். குழலை மூடியபின் பக்கவாட்டில் அசைத்துப் பார்த்தார். மயிரிழை ஆட்டம்கூட இல்லை. ஆட்டம் இருந்தால் ஒவ்வொரு குண்டும் ஒவ்வொரு பாதையில் போகும். பின் குறியை ஏற்றி இறக்கவும் பக்கவாட்டில் நகர்த்தவும் திருகுகள் இருப்பதையும் காட்டினார். தொலைநோக்கி வைத்துத் தரச் சொன்னேன். மறுத்துவிட்டார். ஸ்பிரிங் துப்பாக்கி முன்னும் பின்னுமாக இரண்டு முறை உதைக்கும். அதைத் தாங்குவதற்கென்று செய்யாத தொலைநோக்கி சில மாதங்களில் கெட்டுவிடும். "மொதல்ல கண்ணு பழகட்டும்" என்றார்.

மதுராந்தகம் பக்கத்தில் மாமாவுக்குச் சிறிய தென்னந்தோப்பு இருக்கிறது. நகரத்து மொட்டை மாடி சுட்டுப் பழகுவதற்கான இடமில்லை. இந்தச் சிறு குண்டு நூறு மீட்டருக்கும் அப்பால் போகக்கூடியது, பின்னால் என்ன இருக்கிறது என்று தெரியாத இடத்தில் விசையைத் தொடக் கூடாது. மாமா ஒரே நிபந்தனை போட்டார்: "காக்கா குருவி பக்கம் திரும்பக் கூடாது மாப்ள." அவர் சொல்லாவிட்டாலும் அதுதான் எங்கள் விதி. 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் இருக்கிறது என்பதற்காக மட்டும் அல்ல. குறி பழகுவது ஒரு கலை. ஒரு உயிரைப் பறித்துப் பழக வேண்டிய அவசியம் அதற்கு இல்லை.

பழைய தொழுவத்தின் கனமான மண்சுவர் பின்னணி. அதற்கு முன்னால் மணல் நிரப்பிய மரப்பெட்டி. பத்து மீட்டர் அளந்து கோடு போட்டோம். இளவேனில் சுடும் அதே அளவு ரைஃபிள் அட்டையைத்தான் வைக்க வேண்டும் என்றாள் மகள். அதன் பத்துப் புள்ளி வட்டம் வெறும் அரை மில்லிமீட்டர். ஊசி முனைப் புள்ளி. வெளி வட்டமே 45.5 மில்லிமீட்டர்தான். ஐந்து குண்டில் ஒன்றுகூட அட்டையில் படவில்லை. அவள் முகம் வாடியதைப் பார்த்து பிஸ்டல் அட்டையை மாட்டினேன். அதில் பத்துப் புள்ளி வட்டம் 11.5 மில்லிமீட்டர், வெளி வட்டம் 155.5. இப்போது ஐந்தும் அட்டையில் விழுந்தன. ஆனால் ஒவ்வொன்றும் ஒரு மூலையில். நான் சுட்டேன், அதே கதி. புதுத் துப்பாக்கியில் எண்ணெய் எரிந்து லேசாகப் புகையும் வந்தது. மோசமான பொருளை வாங்கிவிட்டேனோ என்று பயம் வந்துவிட்டது.

பெரியவருக்குப் போன் செய்தேன். அவர் கேட்ட ஒரே கேள்வி: "இறுக்கிப் புடிக்கிறீங்களா?" ஆமாம், நடுக்கம் தெரியக் கூடாது என்று இருவரும் மூச்சுப் பிடித்து இறுக்கிக்கொண்டிருந்தோம். "விட்டுடுங்க சார். கொழந்தையத் தூங்க வெக்கிற மாதிரி உள்ளங்கையில படுக்க வெச்சுக்கோங்க. அது உதைக்கிற மாதிரி உதைக்கட்டும். ஒவ்வொரு வாட்டியும் ஒரே மாதிரி உதைக்க விடுங்க, போதும்."

காரணம் எளியது. ஸ்பிரிங் துப்பாக்கியில் குண்டு குழலை விட்டு வெளியேறுவதற்கு முன்பே துப்பாக்கி அசையத் தொடங்கிவிடுகிறது. அந்த அசைவைக் கையால் தடுக்க நினைத்தால், ஒவ்வொரு முறையும் வெவ்வேறு அளவில்தான் தடுக்க முடியும். குண்டும் வெவ்வேறு இடத்துக்குப் போகும். தடுக்காமல் விட்டால், அசைவு ஒரே மாதிரி இருக்கும். அன்று மாலை ஐந்து ஓட்டைகளும் ஒரு எலுமிச்சம்பழ அளவுக்குள் வந்தன. சில வாரங்களில், சில நூறு குண்டுகளுக்குப் பிறகு, உள்ளுறுப்புகள் படிந்து புகையும் நின்றது. ஓட்டைகள் ஒரு ரூபாய் நாணயத்துக்குள் அடங்கின. அவை நடுவில் இல்லை, மேலே இடப்பக்கமாக ஒதுங்கியிருந்தன. ஆனால் ஒன்றாக இருந்தன. ஒன்றாக இருப்பதை நடுவுக்கு நகர்த்தப் பின் குறியின் திருகுகளை நாலு சுற்று சுற்றினால் போதும். சிதறிக் கிடப்பதை எந்தத் திருகாலும் நகர்த்த முடியாது.

குண்டிலும் இதே பாடம்தான். காகிதத்துக்குத் தட்டைத் தலைக் குண்டு. அது வெட்டியதுபோல் வட்டமாக ஓட்டை போடும், புள்ளி எண்ண எளிது. நாலு வகைக் குண்டுகளில் சின்ன டப்பாக்கள் வாங்கி, ஒவ்வொன்றிலும் பத்துப் பத்தாகச் சுட்டுப் பார்த்தோம். விலை அதிகமானதை எங்கள் துப்பாக்கி ஏற்றுக்கொள்ளவில்லை. நடுத்தர விலையில் ஒன்று அதற்குப் பிடித்திருந்தது. அதிலேயே நின்றுவிட்டோம். ஞாயிறுதோறும் ஐம்பது குண்டு, 500 குண்டு டப்பா பத்து வாரத்துக்கு வரும்.

சில பழக்கங்களை மகள் என்னைவிட வேகமாகக் கற்றாள். குழல் மடங்கியிருக்கும்போது ஒரு கை அதை விடக் கூடாது. விசை தவறினால் குழல் அறைந்து மூடி விரலை நசுக்கிவிடும். குண்டில்லாமல் விசையை அழுத்தக் கூடாது, பிஸ்டன் கெட்டுப்போகும். கண்ணாடி அணியாமல் கோட்டுக்கு வரக் கூடாது. குண்டு ஈயம், ஆகவே சோப்புப் போட்டுக் கை கழுவாமல் இளநீரைத் தொடக் கூடாது. சுட்டதும் உடனே துப்பாக்கியை இறக்காமல், முன் குறியைப் பார்த்தபடியே ஒரு மூச்சு நிற்க வேண்டும். அவள் அப்படி நிற்கும்போது தோப்பில் தென்னோலைச் சத்தம் மட்டும் கேட்கும். பள்ளி, தேர்வு, போன் எதுவும் அவள் முகத்தில் இருக்காது. நான் வாங்கியதில் மதிப்பு மிக்கது அந்த ஒரு மூச்சு நேரம்தான் என்று எனக்குத் தோன்றும்.

இந்தப் பொங்கல் விடுமுறையில் அவளை மெரினாவுக்குக் கூட்டிப் போனேன். என் காலத்துக் கடைக்காரர் இல்லை, வேறொருவர், இளைஞர். பலூன்கள் மட்டும் அப்படியே ஆடிக்கொண்டிருந்தன. பத்துக் குண்டுக்குக் காசு கொடுத்தேன். அவள் துப்பாக்கியை வாங்கி, முதல் மூன்றையும் பலூன்களை விட்டுவிட்டுப் பலகையின் மூலையில் இருந்த ஓர் ஆணித்தலையை நோக்கிச் சுட்டாள். "பாப்பா, பலூன் இங்க இருக்கும்மா" என்றார் கடைக்காரர். அவள் தலையசைத்தாள். ஆணிக்குக் கீழே, வலப்பக்கம், மூன்று ஓட்டைகளும் ஒன்றையொன்று தொட்டுக்கொண்டு இருந்தன.

"ஒரே எடத்துலதான் போவுதுப்பா" என்று என்னிடம் சொல்லிவிட்டு, துப்பாக்கியை உள்ளங்கையில் படுக்க வைத்து, நாலாவது குண்டுக்கு மூச்சை விட்டாள்.