நீர் போன வழி

காரணமின்றிக் காரியமில்லையென்று மேடையில் முழங்குதல் எளிது. சொந்த மோட்டார் வண்டியில் நீர் குறையுங்கால் அதனை நினைவிற் கொள்ளுதல் அரிது. ஜெலுத்தோங்கில் எமது வண்டி வாரந்தோறும் அரைப் போத்தல் நீரை விழுங்கி வந்தது. நிறுத்திய இடத்திலோ ஒரு சொட்டு ஈரமில்லை. கண்ணேறு கழிய எலுமிச்சை வைத்து ஏற்றுமாறு அயலார் கூறினார். 1929இல் பெரியார் வந்திறங்கிய பினாங்கில் இன்றும் எலுமிச்சைக்கு மதிப்புக் குன்றவில்லை! ஒரு பட்டறையிலோ, ஒன்றையும் சோதியாது, "கேஸ்கட் போய்விட்டது, இயந்திரத் தலையைக் கழற்றவேண்டும்" என்றனர். அதுவும் எலுமிச்சையே, விலை மட்டும் அதிகம்.

ஓடும் வண்டியின் ரேடியேட்டருள் ஏறத்தாழ ஒரு பார் மிகையழுத்தம் நிற்கும். அதனாலேயே நீர் 100 பாகையிற் கொதியாது 120 வரை பொறுக்கின்றது. அவ்வழுத்தத்திற் சிறுகக் கசிவது சுடும் இரும்பிற் பட்டு ஆவியாகிவிடுமாதலின், தரைக்கு வருவதேயில்லை.

வேறொரு பட்டறைத் தம்பி, இயந்திரம் ஆறியபின் மூடியை அகற்றி, கைப்பம்பால் அழுத்தமேற்றினார். முள் மெல்ல இறங்கிற்று. எண்ணெயில் பால்நிறமில்லை. எரிபுகை நீரிற் கலந்திருந்தால் மஞ்சளாக மாறும் நீலத் திரவமும் நீலமாகவே நின்றது, கேஸ்கட் குற்றமற்றதாயிற்று. பின்னர் பெல்ட்டின் உறையைக் கழற்றி விளக்கைக் காட்டினார். நீர்ப்பம்பின் அடியிலுள்ள சிறு துளையைச் சுற்றி இளஞ்சிவப்புக் கறை உப்பாய்ப் படிந்திருந்தது. உள்ளடைப்புத் தேய்ந்தால் காட்டிக்கொடுப்பதற்கென்றே அமைத்த துளை அது!

பம்பு புதிதாயிற்று, எப்படியும் கழற்றவேண்டியிருந்த பெல்ட்டும் புதிதாயிற்று. நீர் நிரப்பி, காற்றுக் குமிழிகள் அடங்கும்வரை இயந்திரத்தை ஓடவிட்டார். பழைய பம்பை எம் கையிற் கொடுத்து, அச்சை ஆட்டிப் பார்க்கச் சொன்னார், ஆடிற்று.