ரிப்பேரா? புதுசா?

சிங்கம்புணரியில், சேவுகப்பெருமாள் அய்யனார் கோயிலிலிருந்து நடக்கிற தூரத்தில் ஒரு வீடு. அந்த வீட்டில் ஒரு மாதமாக ஒரே பஞ்சாயத்து! சொத்துத் தகராறு எல்லாம் இல்லை நண்பர்களே... எல்லாம் ஒரு ஸ்டீரியோ செட்டால் வந்தது.

வீட்டுப் பெரியவர் சிங்கப்பூரில் வேலை பார்த்தவர். 1979-ல் ஊர் திரும்பும்போது, சேமிப்பில் ஒரு பெரும் பங்கைக் கொட்டி பயனியர் எஸ்.எக்ஸ்-780 ரிசீவர், ஒரு கேசட் டெக், இரண்டு ஸ்பீக்கர் வாங்கி வந்தார். சேனலுக்கு 45 வாட். தெருவே வந்து வேடிக்கை பார்த்ததாம்.

இப்போது ஆன் செய்தால் பாட்டுக்கு முன்னால் 'உம்ம்ம்' என்று ஓர் இரைச்சல் வருகிறது. வால்யூமைத் திருகினால் கரகர. வலது ஸ்பீக்கர் நினைத்தால் பாடும், இல்லாவிட்டால் இல்லை. கேசட் டெக் சுற்றுவதே இல்லை.

"அப்பா, இதைப் பழைய இரும்புக்குப் போட்டுட்டு ஒரு சவுண்ட்பார் வாங்கிருவோம்ப்பா. போன்ல இருந்தே கேக்கலாம்" என்கிறார் மகன்.

"எவ்வளவு காசு குடுத்து வாங்குனது தெரியுமாடா?" என்கிறார் அப்பா.

காமர்ஸ் கண்ணோடு பார்த்தால் மகன் சொல்வதுதான் சரி என்று தோன்றும். வருமான வரிக் கணக்கில் இயந்திரங்களுக்குப் பொதுவாக 15 சதவீதம் தேய்மானம். பத்தாயிரம் ரூபாய்ப் பொருளுக்குக் குறைந்துசெல் மதிப்பு முறையில் 45 வருஷம் கழித்துப் பாருங்கள். மிஞ்சுவது ஏழு ரூபாய்கூட இல்லை. ஒரு டீ குடிக்கக்கூட அது பத்தாது!

ஆனால் அதே பாடத்தில் இன்னொன்றும் உண்டு. முடிந்துபோன செலவை முடிவெடுக்கும்போது சேர்க்கக் கூடாது. 1979-ல் கொடுத்த காசு போனது போனதுதான். அதனால் அப்பாவின் பேச்சு செல்லாது. அதேபோல 'மதிப்பு தேய்ந்துவிட்டது' என்ற பேச்சும் செல்லாது. இரண்டுமே பழைய கணக்கு. இனிமேல் இந்தப் பெட்டி என்ன வேலை செய்யும், அதற்கு என்ன செலவாகும்? கேட்க வேண்டிய கேள்வி இது ஒன்றுதான்.

பதில் சொல்ல மெக்கானிக் வந்தார். ரிசீவரின் மூடியைக் கழற்றி, தூசியை ஊதிவிட்டு, அரை மணி நேரம் பேசாமல் பார்த்தார்.

"பயப்படாதீங்கய்யா. கெட்டது எல்லாம் தேயுற சாமான்தான்."

மின்சாரத்தை ஏற்ற இறக்கம் இல்லாமல் சீராக்கித் தருவது பெரிய கண்டன்சர்கள். உள்ளே இருக்கும் திரவம் வருஷக்கணக்கில் காய்ந்துபோனால் 'உம்ம்ம்' கேட்கும். வால்யூம் கண்ட்ரோலில் அழுக்கு. ஸ்ப்ரே அடித்தால் போகும். வலது பக்கம் விட்டுவிட்டு வருவதற்கு ரிலேயின் முனை கறுத்ததே காரணம். மூன்றும் சரிசெய்யக் கூடியவை.

"இதுல எஸ்.டி.கே. ஐ.சி. போயிருந்தா நானே வேணாம்னுருப்பேன். அது நல்லாருக்கு."

விஷயம் இருக்கிறது. அந்த ஐ.சி.யைச் செய்தது சான்யோ. இப்போது உற்பத்தி இல்லை. கடையில் கிடைப்பதில் போலிகள் ஏராளம். தேயும் சாமான் கெட்டால் ரிப்பேர், கிடைக்காத சாமான் கெட்டால் யோசனை. எந்தப் பழைய செட்டுக்கும் இந்த அளவுகோல் பொருந்தும்.

அடுத்து கேசட் டெக். உள்ளே ரப்பர் பெல்ட் உருகி, தார் மாதிரி ஒட்டிக்கொண்டிருந்தது. ஹெட்டும் தேய்ந்திருந்தது. "இதுக்குச் செலவு பண்றது வேஸ்ட்டுய்யா."

பெரியவர் எழுந்து உள்ளே போனார். ஒரு பிஸ்கட் டின்னோடு வந்தார். அதில் நான்கு கேசட். எழுதப் படிக்கத் தெரியாத அவருடைய அம்மா, ஊரிலிருந்து பேசி அனுப்பியவை. டிரங்க் கால் கட்டுப்படியாகாத காலத்தில் கேசட்தான் கடிதம். நாற்பது வயது மகன் அப்படி ஒரு டின் வீட்டில் இருப்பதையே அன்றுதான் பார்த்தார்.

"அண்ணே, ஒரே ஒரு தடவை சுத்துற மாதிரியாவது பண்ணித் தர முடியுமா?" என்று கேட்டது மகன்தான்!

புது பெல்ட் போட்டு, ஹெட்டைத் துடைத்து, டேப்பில் பூஞ்சை இல்லை என்று பார்த்துவிட்டு ஓட்டினார்கள். பூஞ்சை பிடித்த டேப்பை அப்படியே ஓட்டினால் டேப்பும் கெடும், ஹெட்டும் கெடும். நான்கையும் கம்ப்யூட்டரில் ஏற்றினார்கள். மாடு கன்று போட்டது, கிணற்றில் தண்ணீர் கீழே போனது, மணியார்டர் வந்தது... அவ்வளவுதான் அதில் இருந்தது. அப்பாவும் மகனும் கடைசி வரை எழுந்திருக்கவில்லை.

கேசட் டெக் இப்போது பரணுக்குப் போய்விட்டது. அதன் வேலை முடிந்தது. ரிசீவர் ரிப்பேராகிக் கூடத்தில் பாடிக்கொண்டிருக்கிறது. மகனின் போனும் அதில்தான் ஒரு வயரில் இணைந்திருக்கிறது. சவுண்ட்பார் வாங்கவில்லை.

உங்கள் வீட்டுப் பரணிலும் ஏதாவது இருக்கும். எடைக்குப் போடும் முன் ஒரு தடவை மூடியைக் கழற்றிப் பாருங்கள். பக்கத்தில் இருக்கும் டின்னையும் சேர்த்துத்தான்!