ஆலிவர் காடி

பல்கலைக்கழக விடுதியில் என் அறைத்தோழனுக்கு ‘டாப் கியர்’ என்றால் வியட்நாம்தான். மூன்று வெள்ளைக்காரர்கள் மோட்டார்சைக்கிளில் சைகோனிலிருந்து ஹாலோங் விரிகுடாவுக்குப் போகும் கதை. நமக்குப் பழகிய மழை, நமக்குத் தெரிந்த கப்சாய் என்று காரணம் சொல்வான். பக்கத்து அறைக்காரன் பொலிவியா கட்சி. நான் பத்தாவது சீசன் என்று சொன்னால் இரண்டு பேரும் சேர்ந்து சிரிப்பார்கள். “அதுல என்னடா இருக்கு?” என்பார்கள். அப்போது என்னிடம் சரியான பதில் இல்லை. எனக்கு அது பிடித்திருந்தது, அவ்வளவுதான். பதில் கிடைக்க ஒரு வெள்ளம் வர வேண்டியிருந்தது.

நான் பார்க்கத் தொடங்கியது 2016இல். அதற்குள் ஜெரமி கிளார்க்சன் பிபிசியை விட்டுப் போய் ஒரு வருடம் ஆகியிருந்தது. ரிச்சர்ட் ஹேமண்டும் ஜேம்ஸ் மேயும் அவரோடு போய்விட்டார்கள். ஆனால் எங்கள் விடுதியில் அந்த மூவரும் உயிரோடு இருந்தார்கள். சீனியர் ஒருவரின் ஹார்ட் டிஸ்க்கில், எல்லா சீசன்களும் வரிசையாக. அந்த டிஸ்க் கைமாறிக் கைமாறி என்னிடம் வந்தபோது பாதிக் கோப்புகள் திறக்கவில்லை. பத்தாவது சீசன் மட்டும் முழுசாக இருந்தது. முதல் காதலுக்கு இதைவிடப் பெரிய காரணங்கள் இருப்பதாக எனக்குத் தெரியவில்லை.

2007 அக்டோபர் 7இல் தொடங்கி டிசம்பர் 23இல் முடிந்த சீசன் அது. பத்து அத்தியாயங்கள். முதல் அத்தியாயத்தில் ஐரோப்பாவின் சிறந்த சாலையைத் தேடி மூன்று விலையுயர்ந்த கார்களில் அலைந்து இத்தாலியின் ஸ்டெல்வியோ கணவாயில் போய் நிற்பார்கள். ஒரு பக்கம் ஏறும்போது மட்டும் 48 கொண்டை ஊசி வளைவுகள். (தாப்பாவிலிருந்து தானா ராத்தாவுக்குப் பழைய பாதையில் ஏறியவர்கள், முன்னால் காய்கறி லாரி போகாத நாளில், அந்த மகிழ்ச்சியைக் கொஞ்சம் கற்பனை செய்துகொள்ளலாம்.) இன்னோர் அத்தியாயத்தில் புகாட்டி வேய்ரோன் காரைப் போர் விமானத்தோடு போட்டியிட விடுவார்கள். அதெல்லாம் பட்டாசு. பார்க்கலாம், மறந்துவிடலாம்.

எனக்குப் பிடித்தது இந்த சீசனில் கார்கள் தோற்கும் இடங்கள். லண்டனைக் குறுக்கே கடக்கும் போட்டி ஒன்று வரும். கியூ பாலத்திலிருந்து லண்டன் சிட்டி விமான நிலையம் வரை. ஹேமண்ட் சைக்கிளில், கிளார்க்சன் தேம்ஸ் நதியில் வேகப்படகில், மே பெரிய மெர்சிடிசில், பேசாத ஸ்டிக் பேருந்திலும் ரயிலிலும். சைக்கிள் முதலில் வரும், கார் கடைசியில் வரும். கார்களைக் கொண்டாடும் நிகழ்ச்சி தன் கையாலேயே தன் கன்னத்தில் அறைந்துகொண்டு அதை ஒளிபரப்பவும் செய்தது. ஃபெடரல் நெடுஞ்சாலையில் மாலை ஆறு மணிக்கு நின்ற எவனுக்கும் அந்த முடிவில் சந்தேகம் இருக்காது.

பிரிட்டிஷ் லேலண்ட் அத்தியாயம் வேறு மாதிரி. ஒரு காலத்தில் பிரிட்டனின் தேசியக் கார் நிறுவனமாக இருந்து, பிறகு கேலிப்பொருளாகிப்போன லேலண்டின் மூன்று பழைய கார்களை வாங்கி வருவார்கள். ரோவர், டிரயம்ப், ஆஸ்டின் பிரின்சஸ். கடைசிச் சோதனையில் காருக்குள் கழுத்துவரை தண்ணீரை நிரப்பிக்கொண்டு ஓட்ட வேண்டும். கதவு இடுக்குகள் சரியாக இருந்தால் தண்ணீர் நிற்கும், இல்லையென்றால் ஒழுகும். முதல் முறை பார்த்தபோது விழுந்து விழுந்து சிரித்தேன். இப்போது நான் தொழிற்சாலையில் செய்யும் வேலை கிட்டத்தட்ட அதேதான். நாங்கள் தண்ணீருக்குப் பதில் காற்றை அடைத்து, அழுத்தம் எவ்வளவு குறைகிறது என்று பார்க்கிறோம். சட்டைதான் நனைவதில்லை.

ஆனால் சீசனின் உயிர் நான்காவது அத்தியாயத்தில் இருக்கிறது. போட்ஸ்வானா.

1500 பவுனுக்கு மேல் போகாத, முன் சக்கரமோ பின் சக்கரமோ மட்டும் இழுக்கிற சாதாரணப் பழைய காரை வாங்கி, அந்த நாட்டைக் கிழக்கிலிருந்து மேற்காக, ஏறக்குறைய ஆயிரம் மைல் கடக்க வேண்டும். கிளார்க்சன் லான்சியா பீட்டா, மே மெர்சிடிஸ் 230இ, ஹேமண்ட் 1963ஆம் ஆண்டு ஓப்பல் காடெட். கார் படுத்துவிட்டால் மிச்சப் பயணத்தை ஃபோக்ஸ்வேகன் பீட்டிலில் செய்ய வேண்டும் என்பது தண்டனை. அந்தப் பீட்டில் பின்னாலேயே எமன் மாதிரி வந்துகொண்டிருக்கும்.

மக்காடிக்காடி உப்புப் படுகையில் மேலே காய்ந்த பொருக்கு, கீழே சேறு. கனமான கார் பொருக்கை உடைத்துக்கொண்டு இறங்கிவிடும். கிளார்க்சனும் மேயும் எடையைக் குறைக்கக் கதவு, கண்ணாடி எல்லாவற்றையும் கழற்றிப் போடுவார்கள். பிறகு களஹாரிப் புழுதியில் கதவில்லாத கார்களில் மாவில் புரண்ட பஜ்ஜி மாதிரி உட்கார்ந்திருப்பார்கள். ஹேமண்ட் ஒரு திருகாணியைக்கூடக் கழற்ற மாட்டார். அவருடைய காடெட்டின் எஞ்சின் 993 சிசி. கார் முதலிலேயே இலேசு. அதைவிட முக்கியமான காரணம், அவர் அதற்குப் பெயர் வைத்துவிட்டார். ஆலிவர். மற்ற இருவரும் பயணம் முழுக்க அவரைக் கிண்டலடிப்பார்கள்.

ஓரிடத்தில் ஆற்றைக் கடக்கும்போது ஆலிவர் மூழ்கிவிடும். ஹேமண்டின் முகத்தை அப்போது கவனிக்க வேண்டும். ஓராண்டுக்கு முன்னால், 2006 செப்டம்பரில், இதே நிகழ்ச்சிக்காக ஜெட் எஞ்சின் வண்டியை ஓட்டித் தலையில் பலமாக அடிபட்டுப் பிழைத்து வந்த மனிதர் அவர். அந்த முகத்தில் நடிப்பு இருந்ததா என்று பல முறை நிறுத்தி நிறுத்திப் பார்த்திருக்கிறேன். இருந்திருக்கலாம், தொலைக்காட்சிதானே. ஆனால் இராத்திரி முழுக்க உட்கார்ந்து அதைக் காயவைத்து, மறுநாள் அதிலேயே வந்து சேர்வார். பிறகு கப்பலேற்றி இங்கிலாந்துக்கே கொண்டுபோய்விட்டார்.

2020 மார்ச் 18இல் ஊரடங்கு வந்தபோது ஷா ஆலாம், தாமான் ஸ்ரீ மூடாவில் இருந்த வீட்டில் அப்பாவோடு மாட்டிக்கொண்டேன். மாட்டிக்கொண்டேன் என்ற வார்த்தை சரிதான். நாங்கள் அதிகம் பேசிக்கொள்கிறவர்கள் இல்லை. முப்பது வருடம் கண்டெய்னர் லாரி ஓட்டியவர். வீட்டில் இருக்கும் நேரத்தில் தூங்குவார், இல்லையென்றால் காடியைத் துடைப்பார். 2003இல் வாங்கிய பெரோடுவா கெலிசா. அவர் வாழ்க்கையில் புதிதாக வாங்கிய ஒரே காடி. அதில்தான் என்னைப் பள்ளிக்கூடத்தில் விட்டார், பாட்டியை டயாலிசிஸுக்கு அழைத்துப் போனார், அக்காவைக் கல்யாண மண்டபத்துக்குக் கூட்டிப்போனார்.

சும்மா இருக்கிறோமே என்று போட்ஸ்வானாவைப் போட்டேன். அப்பாவுக்கு ஆங்கிலம் அரைகுறை. ஆனால் காடி சேற்றில் மாட்டுவதற்கு மொழிபெயர்ப்பு தேவையில்லை. “ரிவர்ஸ் போடுடா முட்டாளே” என்று தொலைக்காட்சியிடம் கத்தினார். ஆலிவர் தண்ணீரில் இறங்கியதும் நிமிர்ந்து உட்கார்ந்தார். காலையில் அது ஓடி வந்தபோது கை தட்டினார். அப்பா கை தட்டி நான் பார்த்ததில்லை. அடுத்த இரண்டு வாரம் பத்தாவது சீசனை முழுசாகப் பார்த்தோம். அவருக்கு லண்டன் போட்டியும் பிடித்தது. “பஸ்காரன் காடிக்காரன முந்திட்டான் பாரு.”

அதோடு நிறுத்தியிருக்கலாம். ஒரு நாள் யூடியூப் தானாக அடுத்த வீடியோவுக்குத் தாவியது. கிளார்க்சனின் பழைய டிவிடி ஒன்றிலிருந்து வெட்டிய காட்சி. ஒரு காரைச் சம்மட்டியால் அடித்துக்கொண்டிருந்தார். பிறகு அதைத் தூக்கிலிட்டுக் கிழித்து, கடைசியில் வெடிக்க வைத்தார். அது கெலிசா.

எனக்கு அந்தக் கதை முன்பே தெரியும். உலகின் மிக மோசமான கார் என்று எழுதினார், செய்தவர்களைக் காட்டுவாசிகள் என்கிற மாதிரி கிண்டலடித்தார், இங்கே பத்திரிகையில் எல்லாம் வந்தது. தெரிந்தேதான் அந்த ஆளை ரசித்துக்கொண்டிருந்தேன். அப்பாவுக்குத் தெரியாது. ரிமோட்டைத் தேடினேன், கைக்கு அகப்படவில்லை. அப்பா முழுவதையும் பார்த்தார்.

“புதுக் காடிடா,” என்றார். “டயர்ல முடிகூட தேயல.”

அவ்வளவுதான். எழுந்து வெளியே போய்க் குழாயைத் திறந்து கெலிசாவைக் கழுவத் தொடங்கினார். அதற்கப்புறம் நாங்கள் சேர்ந்து டாப் கியர் பார்க்கவில்லை. நான் கூப்பிடவில்லை, அவர் கேட்கவில்லை.

கெலிசாவின் எஞ்சின் 989 சிசி. ஆலிவருடையதைவிட நான்கு சிசி குறைவு. நான்கு சிசி என்பது ஒரு தேக்கரண்டிகூட நிரம்பாத அளவு. ஒன்றைக் கப்பலேற்றி வீட்டுக்குக் கொண்டுபோனார்கள், இன்னொன்றை வெடி வைத்துத் தகர்த்தார்கள். ஒன்று ஐரோப்பாவில் செய்தது, இன்னொன்று ரவாங்கில் செய்தது என்பதைத் தவிர வேறென்ன வித்தியாசம் என்று அப்போது கோபமாக யோசித்தேன். அந்தக் கோபம் இன்னும் கொஞ்சம் இருக்கிறது. இருந்தும் ஆலிவரைப் பிடிக்காமல் போகவில்லை. இரண்டையும் சேர்த்து வைத்துக்கொள்ளத்தான் வேண்டியிருக்கிறது.

2021 டிசம்பர் 17, வெள்ளிக்கிழமை, மழை தொடங்கியபோது நான் பிறையில் வேலையில் இருந்தேன். மறுநாள் ஸ்ரீ மூடா மூழ்கியது. அப்பாவும் அம்மாவும் மாடியில் இரண்டு இரவுகள் இருந்தார்கள். போனில் சார்ஜ் போகுமுன் அப்பா கடைசியாகச் சொன்னது, “நாங்க நல்லாருக்கோம். காடி போச்சு.”

நான் போய்ச் சேர்ந்தபோது தண்ணீர் வடிந்து தெருவெல்லாம் மெத்தையும் குளிர்சாதனப் பெட்டியும் கிடந்தன. கெலிசா வாசலிலேயே, ஆனால் குறுக்காகத் திரும்பி நின்றது. உள்ளே ஸ்டீயரிங் வரைக்கும் சேறு. வெள்ளத்துக்கென்று தனியாகக் காப்புறுதி எடுத்திருக்கவில்லை, பதினெட்டு வருடக் காடிக்கு யார் எடுப்பார்கள். பொத்தோங் கடைக்காரர் ஒருவர் தெருத்தெருவாக வந்து விலை கேட்டுக்கொண்டிருந்தார். எங்கள் காடிக்கு 700 வெள்ளி.

அப்பா கொடுத்துவிடலாம் என்றுதான் இருந்தார். கடைக்காரர் போனபிறகு, பம்பரைக் காலால் தட்டிக்கொண்டே கேட்டார்.

“அந்த ஆலிவர் காடி ஒரு ராத்திரியில காஞ்சிருச்சுல்ல?”

அது 1963ஆம் வருடத்துக் காடிப்பா, கார்புரேட்டர், காயில், டிஸ்ட்ரிபியூட்டர், துடைத்துக் காயவைத்தால் போதும், நம் காடியில் எஞ்சினை நடத்துவது ஒரு மின்னணுப் பெட்டி, அதற்குள் சேறு போயிருக்கும், என்றெல்லாம் விளக்கினேன். பொறியியல் பட்டம் வாங்கியதற்கு அந்த ஒரு நாள் நல்ல உபயோகம். அப்பா முழுவதையும் கேட்டுவிட்டு, “சரி, ஸ்பேனர் எடு” என்றார்.

முதலில் யாரும் சாவியைத் தொடக்கூடாது என்று பேட்டரியைக் கழற்றினேன். சிலிண்டருக்குள் தண்ணீர் நின்றால் பிஸ்டனால் அதை அமுக்க முடியாது. காற்று அமுங்கும், தண்ணீர் அமுங்காது. அந்த நிலையில் ஸ்டார்ட் செய்தால் கனெக்டிங் ராடு வளைந்துபோகும். மூன்று ஸ்பார்க் பிளக்கையும் கழற்றிவிட்டு, முன்பக்க நட்டில் ஸ்பேனரை மாட்டிக் கையால் சுற்றினோம். ஓட்டை வழியாகப் பழுப்புத் தண்ணீர் அப்பாவின் சட்டையில் பீய்ச்சி அடித்தது. சிரித்தார். எஞ்சின் எண்ணெயை இறக்கினால் தே தாரே மாதிரி வந்தது. மூன்று முறை மாற்றினோம். கியர்பாக்ஸ் எண்ணெய், பெட்ரோல் டாங்க், எல்லாம். இருக்கைகளைக் கழற்றி வெயிலில் போட்டோம். மின்னணுப் பெட்டியைத் திறந்து காண்டாக்ட் கிளீனர் அடித்து, அக்காவின் முடி உலர்த்தியால் காயவைத்தேன். ஒயர் இணைப்புகளை ஒவ்வொன்றாகப் பழைய பல் துலக்கியால் தேய்த்தது அப்பா. பக்கத்து வீட்டு மக்சிக் தினமும் வந்து பார்த்துவிட்டுத் தலையை ஆட்டிக்கொண்டு போவார்.

பதினோராவது நாள் பேட்டரியை மாட்டினோம். அப்பா கதவில்லாத பக்கத்தில், ஒரு பிளாஸ்டிக் முக்காலியில் உட்கார்ந்து சாவியைத் திருப்பினார். முதல் இரண்டு முறை இருமியது. மூன்றாவது முறை பிடித்துக்கொண்டது. மூன்றில் இரண்டு சிலிண்டர்தான் வேலை செய்தது, சத்தமே சொன்னது. மூன்றாவது அடுத்த வாரம் வந்து சேர்ந்தது.

செலவைக் கணக்குப் போட்டால் 700 வெள்ளிக்கு விற்றிருக்க வேண்டும். அதை நான் அப்பாவிடம் சொல்லவில்லை.

அந்தக் காடி இன்னும் ஓடுகிறது. ஏர்கோன் போட்டால் முதல் ஐந்து நிமிடம் ஆற்று வாடை வரும். டாஷ்போர்டுக்குள் எங்கேயோ கொஞ்சம் சேறு மிச்சம் இருக்கிறது, கை எட்டவில்லை. இரவில் மழை பலமாகப் பெய்தால் ஸ்ரீ மூடாக்காரர்கள் இப்போதெல்லாம் தூங்குவதில்லை. காடிகளை ஓட்டிக்கொண்டுபோய் உயரமான இடமாகப் பார்த்து நிறுத்திவிட்டு நடந்து வருவார்கள். அப்படியொரு இரவில், போன மாதம், இரண்டரை மணிக்கு அப்பா போன் செய்தார்.

“மேட்டுல வுட்டுட்டேன். நீ தூங்கு.” கொஞ்ச நேரம் மழைச் சத்தம் மட்டும் கேட்டது. “அந்தப் படம் இருக்கா இன்னும்? தூக்கம் வரல. அனுப்பு.”

நான்காவது அத்தியாயத்தை மட்டும் அனுப்பினேன். அடுத்த வீடியோ தானாக ஓடாமல் இருக்க அதை எப்படி அணைப்பது என்றும் சொல்லிக் கொடுத்தேன்.