வேலிக்கு இருபுறமும்

தாமிரபரணிக் கரையில் மாந்தோப்புகளுக்கு நடுவே வளர்ந்தவனுக்கு ஒரகடத்தைப் பற்றி உயர்ந்த அபிப்பிராயம் ஏற்படக் காரணமே இல்லை. சரளை மண்ணைச் சமன்படுத்தி, அதன்மேல் தகரக் கூரைகளையும் கன்டெய்னர் லாரிகளையும் வரிசையாக நிறுத்திவைத்த அந்தப் பிரதேசத்தில் மனிதனைத் தவிர வேறு ஜீவராசிகளுக்கு என்ன ஜோலி இருக்கக்கூடும் என்ற எண்ணத்தோடுதான், மோட்டார் உதிரிபாகத் தொழிற்சாலை ஒன்றில் உத்தியோகம் பார்க்கும் சிநேகிதரின் புதல்வனுக்காக, தை மாதத்துக் காலை வேளையில் அதன் வாசலில் காத்திருந்தேன். பையன் வரவில்லை, ஒரு சண்டை வந்தது.

சண்டை, தோட்ட வேலை பார்க்கும் ஓர் அம்மாளுக்கும் அவளுடைய சூப்பர்வைசரான இளைஞனுக்கும். வெளிதேசத்திலிருந்து யாரோ பார்வையிட வருகிறார்களாம். அதற்குள், கம்பி வேலிக்கு உள்ளே வளர்த்திருக்கும் செம்பருத்தி வரிசைக்கும், வெளியே தானாக முளைத்துப் பொன்னிறமாய்ப் பூத்து நிற்கும் ஆவாரம் புதர்களுக்கும் சேர்த்து எறும்பு மருந்து அடித்துவிட வேண்டும் என்பது அவன் கட்டளை.

"உள்ள அடிக்கிறேன் சார். வேலிக்கு அந்தாண்ட இருக்கறது இன்னா பண்ணிச்சு உங்கள?"

"எறும்பு எங்க இருந்தாலும் எறும்புதாம்மா."

"அது எப்படி சார்? இங்க மாவுப்பூச்சிய மேய்க்குது. அங்க புழுவத் தொரத்துது. ரெண்டும் அதே கட்டெறும்புதான், வேலதான் வேற."

அந்நியர் விவகாரத்தில் தலையிடலாகாது என்ற மரியாதையையும் மறந்து, நான் குனிந்து ஆவாரை இலையைப் புரட்டிப் பார்த்தேன். ஜோடி ஜோடியாக அமைந்த சிற்றிலைகளுக்கு நடுவே, ஒவ்வொரு ஜோடிக்கும் ஒன்றாக, குண்டூசித் தலையைவிடச் சிறிய சுரப்பி ஒன்று நிமிர்ந்து நின்றது. பூவுக்குச் சம்பந்தமே இல்லாத அந்த இடத்தில் ஊறும் மதுவை ஒரு கட்டெறும்பு சாவதானமாகப் பருகிவிட்டு அடுத்த சுரப்பிக்கு நடந்தது. வேலிக்கு உள்ளேயோ, செம்பருத்தித் தளிர்களில் வெண்பஞ்சாய் அப்பியிருந்த மாவுப்பூச்சிகளின் இனிப்புக் கழிவை நக்கிக்கொண்டு, அவற்றைத் தின்ன வரும் பொறிவண்டை அதே ஜாதி எறும்பு விரட்டிக்கொண்டிருந்தது. ஓரிடத்தில் செடிக்குக் காவல். மற்றோரிடத்தில் செடியின் சத்துருவுக்குக் காவல்.

"எப்பவும் இப்படித்தானா அம்மா?" என்றேன்.

"மழ விட்டுக் கொழுந்து உடறப்பதான் இந்தக் கூட்டம். சித்திரையில வந்து பாருங்கய்யா, ஒண்ணு இருக்காது. எங்களாட்டம் காண்ட்ராக்ட் ஆளுங்க. கூலி இருந்தா வரும்."

நிகராகுவா தேசத்து வேல மரத்தின் உட்குடைவான முள்ளில் எறும்புகள் குடியிருந்து மரத்தைக் காப்பதைத் தாமஸ் பெல்ட் 1874-ல் வெளியிட்ட நூலில் வர்ணித்த நாள் முதலாக, எறும்புக்கும் செடிக்கும் உள்ள உறவை மாறாத சிநேகமாகக் கருதும் வழக்கம் நம்மில் பலருக்கு வேரூன்றிவிட்டது. ஆனால் மேற்குத் தொடர்ச்சி மலையின் மழைக்காட்டுக்கே உரிய ஹம்போல்ட்டியா புரூனோனிஸ் என்னும் சிறு மரத்தைப் பெங்களூரு இந்திய அறிவியல் கழகத்தின் ரெனி போர்ஜஸும் அவருடைய மாணவர்களும் வட்டாரம் வட்டாரமாக ஆராய்ந்தபோது விஷயம் அவ்வளவு சுலபமாக இல்லை. அந்த மரங்களில் சிலவற்றுக்கு மட்டுமே எறும்பு குடியிருக்கத் தக்க உப்பிய தண்டுகள் உண்டு; அவை உள்ள மரங்களிலும், காவல் கிடைப்பது சில வட்டாரங்களில்தான்; மற்ற இடங்களில் மதுவை மட்டும் உண்டு உபகாரம் ஏதும் செய்யாத எறும்புகளும், இவை போதாவென்று ஒரு ஜாதி மண்புழுவும்கூட, அந்த அறைகளில் வாசம் செய்கின்றன. மரமேறிக் குடியிருக்கும் மண்புழுவை நினைத்து நெடுநேரம் சிரித்தேன்.

எங்கள் ஊர் மாமரத்து முசுறுகளும் இந்த ரகந்தான். நற்றிணைக் காலத்திலேயே முயிறு என்று பெயர் பெற்றுவிட்ட அவை, இலைகளைத் தைத்துக் கூடு கட்டி, காயைக் கெடுக்கும் பூச்சிகளை வேட்டையாடுகின்றன. அதே கிளையில் சாறுறிஞ்சும் செதில் பூச்சிகளையும் போஷிக்கின்றன. மாங்காய் பறிக்க ஏறிக் கடிபட்ட சிறுவர்கள் எவரும் அவற்றைத் தோப்பின் காவலர் என்று புகழ்ந்ததில்லை.

பின்னர் கத்திரி வெயிலில் அதே சாலை வழியே போக நேர்ந்தது. ஆவாரையின் முற்றிய இலைகளில் சுரப்பிகள் வறண்டிருந்தன. உச்சிப்பொழுதின் கொதிக்கும் சரளையில் எறும்பின் சுவடே இல்லை. வேலிக்குள் தினமும் தண்ணீர் பாய்ச்சும் செம்பருத்தியில் மட்டும் தளிரும் இருந்தது, மாவுப்பூச்சியும் இருந்தது, அவற்றின் நிழலில் கட்டெறும்பும் இருந்தது. ருதுக்கள் மாறுவதையே தோட்டக் குழாய் தடுத்துவிட்டது போலும்!

சண்டையைச் சொல்லி முடிக்கவில்லையே. உணவு இடைவேளைச் சங்கு ஊதியதும், "சரி, உள்ள மட்டும் அடிங்க" என்று இளைஞன் இறங்கிவந்தான். அதுவும் எனக்குச் சம்மதமில்லை. மாவுப்பூச்சி ஒழிந்தால் எறும்பு தானே இறங்கிப் போய்விடும். ஆகவே வீட்டுச் செடியில் எறும்பு ஏறக் கண்டதும் மருந்து டப்பாவை எடுக்கும் அன்பர்கள், அது எதை நாடி ஏறுகிறது என்று முதலில் இலையைப் புரட்டிப் பாருங்கள்: மாவுப்பூச்சியை என்றால் வேப்பெண்ணெயும் சோப்பும் கலந்த நீரைத் தெளியுங்கள், இலையில் ஊறும் மதுவை என்றால் அதுவும் வேண்டாம்.