‘ட’ எழுத்தின் உள்மூலை

எங்கள் ஊர்ப் பெயரை இரண்டடி உயர அக்ரிலிக் எழுத்தில் அறுக்கச் சொன்னால், புதிதாக வருகிற பையன் ‘று’வைப் பார்த்துத்தான் மிரளுவான். அத்தனை வளைவு, கீழே ஒரு வால். திருவட்டாறு என்ற பெயரில் ஆள்விழுங்கி ‘று’ அல்ல, ‘ட’. ஒரு கோடு கீழே இறங்கி, ஒரு கோடு வலப்பக்கம் போகிற எழுத்துதானே என்று நினைப்பார்கள். அந்த இரண்டு கோடும் சேருகிற உள்மூலையில்தான் ஷீட் கீறும். வளைவில் இழுவை பரவிப் போய்விடும். கூரான உள்மூலையில் முழுவதும் ஒரே இடத்தில் வந்து குவியும். 1954-இல் நடுவானில் சிதறிய காமெட் விமானங்களை ஆராய்ந்தவர்கள் கண்டதும், உடற்தகட்டில் வெட்டிய ஒரு திறப்பின் மூலையருகே தொடங்கிய விரிசலைத்தான். என் ஆசானுக்கு அந்தக் கதை தெரியாது. ஆனால் அறுக்கும் முன் மூலையில் துளை போட வேண்டும் என்று அவர் கைக்குத் தெரிந்திருந்தது.

துளையைக் கழிவுப் பக்கத்தில், இரண்டு கோட்டையும் தொட்டும் தொடாமலும் போட வேண்டும். டிரில் பிட்டின் வெட்டுமுனையை எண்ணெய்க் கல்லில் லேசாக மழுக்கிக்கொள்ள வேண்டும். கடையில் வாங்கிய கூரோடு இறக்கினால் பிட் ஷீட்டைக் கவ்வித் தூக்கும், அடிப்பக்கம் சில்லு பெயரும். அடியில் பலகைத் துண்டு இல்லாமல் டிரில்லைத் தொடவே கூடாது. பிறகு இரண்டு முனையிலிருந்தும் வாளை ஓட்டித் துளையில் கொண்டுபோய்ச் சேர்க்க வேண்டும். கடைசி அரை அங்குலம்தான் பரீட்சை. கழிவுத்துண்டு தன் பாரத்தில் தொங்க ஆரம்பிக்கும். இடது கை அதைத் தாங்காவிட்டால் அது முறிந்து விழும்போது எழுத்திலும் ஒரு கடி எடுத்துக்கொண்டுதான் போகும். எக்ஸ்ட்ரூடட் ஷீட்டில் இந்த வேலையே வேண்டாம். காஸ்ட் ஷீட் மட்டும்.

ஆசான் பட்டறையின் மறுகோடியில் உட்கார்ந்து வேறு எழுத்துக்கு அரம் போட்டுக்கொண்டிருப்பார். என் வாளின் சத்தம் மாறினால் தலை நிமிராமலே குரல் வரும்: “வாளத் தள்ளாத மக்ளே, அது தன்னால போவும்.” தள்ளினால் சூடு ஏறும், சூடு ஏறினால் தூளாக விழ வேண்டியது நூலாக இழுபடும், அறுத்த தடம் வாளுக்குப் பின்னாலேயே ஒட்டிக்கொள்ளும். வாளுக்குச் சோப்புத் தடவச் சொல்வார். ஷீட்டின் மேல்தாளை வேலை முடியும்வரை உரிக்க விடமாட்டார். தின்னர் பாட்டில் பட்டறைக்குள் வரவே கூடாது. அறுத்த விளிம்பைத் தின்னரில் துடைத்தால் மயிரிழை விரிசல்கள் ஓடும் என்பதை இன்று யாருக்கும் சொல்லிப் புரியவைக்க முடியவில்லை. 1978-இல் எழுத்துச் சீர்திருத்த அரசாணை வருவதற்கு முந்தைய, கொம்பு வளைந்த ‘லை’, ‘ணை’ அச்சுகளையும் அவர் பிளைவுட்டில் வெட்டி உத்தரத்தில் மாட்டியிருந்தார். அந்தக் கொம்பை ஒடியாமல் அறுத்த பிறகுதான் எனக்கு முழு ஷீட்டைக் கொடுத்தார்.

எங்கள் ஊர் ஆதிகேசவப் பெருமாள் கோயிலில் 400 ஆண்டுகளுக்குப் பிறகு 2022 ஜூலை 6-இல் கும்பாபிஷேகம் நடந்தது. அதையொட்டிப் புதுப் பலகை கேட்டு வந்த ஒருவர், என் கூலியைக் கேட்டதும், “லேசர்ல போட்டா அஞ்சு நிமிசம், இதுல என்ன வித்தை இருக்கு?” என்றார். லேசர் சுத்தமாக அறுக்கும், நான் மறுக்கவில்லை. ஆனால் அறுத்த விளிம்பில் சூட்டின் இறுக்கம் தங்கிவிடும். அதன்மேல் ஒட்டுவதற்குத் தடவும் குளோரோஃபார்ம் பட்டால் விளிம்பு முழுவதும் நுண்விரிசல் பூக்கும். ஒட்டுவதற்கு முன் 80 டிகிரியில் சில மணி நேரம் வைத்து மெல்ல ஆறவிட்டால் அந்த இறுக்கம் தளரும். எத்தனை பேர் வைக்கிறார்கள்? உள்மூலையைக் கத்தி முனைபோல வெட்டித் தருவதைப் பெருமையாகச் சொல்கிறார்கள். எழுத்தின் அழகைப் பற்றிப் பேசவே வேண்டாம். கம்ப்யூட்டரில் இருக்கிற எழுத்தைப் பலகை அகலத்துக்கு இழுத்துவிடுகிறார்கள். ‘ட’வின் நின்ற கோடு தடித்துப்போகிறது, படுத்த கோடு மெலிந்தபடியே கிடக்கிறது. அதைக் கண்ணால் பார்த்துக்கொண்டே மாட்டிவிட்டும் போகிறார்கள்.

பொருத்துவதிலும் இதே அவசரம்தான். எட்டடி ஷீட் 20 டிகிரி சூடு ஏறினால் 3 மில்லிமீட்டருக்கு மேல் நீளும். இங்கே காலையில் மழை, மதியம் சுள்ளென்ற வெயில். திருகை இறுக்கி முடுக்கினால் அது எங்கே போகும்? துளையிலிருந்துதான் பிளக்கும்.

கடைப் பலகை செய்யக் கொடுப்பவர்களுக்கு ஒன்று சொல்கிறேன். கையால் அறுப்பவனோ மெஷின் வைத்திருப்பவனோ, யாராக இருந்தாலும் முன்பணம் கொடுக்கும் முன் கேளுங்கள்: உள்மூலையை உருட்டுவாயா, திருகுத் துளையைத் திருகைவிடப் பெரிதாக வைப்பாயா, லேசரில் அறுத்தால் ஒட்டும் முன் சூட்டில் வைப்பாயா? பதில் சொல்லத் திணறினால் வேறு ஆளைப் பாருங்கள்.