மிஸ்டிக் ஆற்றங்கரையின் முடிச்சுக் காப்புகள்

அமெரிக்க ஐக்கிய நாடுகளின் வடகிழக்குக் கரையில், நியூ இங்கிலாந்து என்று வழங்கும் பிரதேசத்தில், கோடை விடுமுறை தொடங்கியதும் கடலோர ஊர்களின் சிறுவர் சிறுமியர் பலருடைய மணிக்கட்டில் வெள்ளைப் பருத்திக் கயிற்றினாலான தடித்த காப்பு ஒன்று ஏறிவிடுகிறது. அதற்குக் கொக்கியும் இல்லை, பூட்டும் இல்லை. தொடக்கமும் முடிவும் கண்ணில் படாதபடி ஒரே கயிறு மேலும் கீழுமாய் ஓடி, தன்னைத்தானே பலமுறை தொடர்ந்து வளையமாகி நிற்கிறது. விரல்களைக் குவித்துத் தளர்வாக நுழைத்துக்கொண்டு நீரில் நனைத்துவிட்டால், உலர உலரச் சுருங்கி மணிக்கட்டின் அளவுக்குப் பொருந்திக்கொள்ளும். அதன்பிறகு கழற்றும் எண்ணமே வேண்டாம். நீந்தும்போதும் உறங்கும்போதும் கையிலேயே கிடந்து, உப்பும் வெயிலும் பட்டு வெளுத்து, ஓரமெல்லாம் பஞ்சு எழும்பி, பள்ளிக்கூடம் திறக்கும் காலத்தில் கத்தரிக்கோலால் வெட்டியெடுக்கப்படும் வரை அது அங்கேதான் இருக்கும். மாலுமிக் காப்பு என்பது அதன் பெயர்.

இந்தக் காப்பைக் கட்டுகிறவர்களை அவர்கள் வேலை செய்யும் இடத்திலேயே காணவேண்டும் என்ற ஆவலோடு நான் பிரயாணம் செய்தது கனெக்டிகட் மாநிலத்திலுள்ள மிஸ்டிக் என்னும் சிற்றூருக்கு. கிராட்டன், ஸ்டோனிங்டன் என்ற இரு நகரங்களின் எல்லைக்குள் பாதிபாதியாகக் கிடக்கும் அவ்வூரின் நடுவே ஓடுகிறது மிஸ்டிக் ஆறு. 1922-ல் கட்டி முடிந்த தூக்குப் பாலம் ஒன்று கோடைகாலத்தில் மணிக்கொரு முறை எழுந்து பாய்மரப் படகுகளுக்கு வழிவிட, இரு கரையிலும் மோட்டார் வண்டிகள் வரிசையாகக் காத்து நிற்கின்றன. ஆற்றின் மேற்போக்கில் சற்றுத் தூரம் நடந்தால் மிஸ்டிக் சீபோர்ட் என்ற கடல்சார் காட்சிசாலை வருகிறது. அங்கே துறையில் கட்டப்பட்டு நிற்கும் ‘சார்ல்ஸ் டபிள்யூ. மார்கன்’ என்ற கப்பல், 1841-ல் நியூ பெட்ஃபர்டில் கட்டப்பட்டு, எண்பது ஆண்டுகளில் 37 முறை திமிங்கில வேட்டைக்குச் சென்று திரும்பி, 1941-ல் இவ்வூர் வந்து சேர்ந்தது. மரத்தாலான திமிங்கில வேட்டைக் கப்பல்களில் உலகத்தில் எஞ்சியிருப்பது இது ஒன்றே. 2014-ல் அதைச் செப்பனிட்டு 38-ஆம் முறையாகவும் கடலில் ஓட்டிப் பார்த்தார்கள்.

கப்பலின் முன்பகுதியில், தளத்துக்குக் கீழே, மாலுமிகள் வசித்த அறைக்குள் நான் குனிந்து இறங்கினேன். கப்பலின் இரு பக்கச் சுவர்களும் முன்னே ஒடுங்கிச் சேரும் அந்த இடத்தில் ஒன்றன்மேல் ஒன்றாக மரப்படுக்கைகள். நிமிர்ந்து உட்கார இடமில்லாத அவற்றில்தான் மூன்று ஆண்டும் நான்கு ஆண்டும் நீண்ட பிரயாணங்களை அவர்கள் கழித்தார்கள். அவர்களுக்கு மாதச் சம்பளம் கிடையாது. கொண்டுவந்த திமிங்கில எண்ணெயின் விலையில் இன்னாருக்கு இத்தனையில் ஒரு பங்கு என்பது ஏற்பாடு. அனுபவமில்லாமல் புதிதாக ஏறியவனுக்கு நூற்றெழுபதில் ஒன்று, இருநூறில் ஒன்று என்ற அளவிலேயே அது அமையும். அதிலும் கப்பலில் வாங்கிய உடுப்புக்கும் புகையிலைக்கும் கழிவு உண்டு. திமிங்கிலம் தென்பட்டால் உயிரைப் பணயம் வைக்கும் உழைப்பு. தென்படாத வாரங்களிலோ கடலைப் பார்த்துக்கொண்டிருப்பதைத் தவிர அதிக வேலை இல்லை. அந்த வெறும் பொழுதில் சிலர் திமிங்கிலப் பல்லில் சித்திரம் கீறினார்கள். சிலர் கழித்துப்போட்ட பழங்கயிற்றைப் பிரித்து, அந்த இழைகளைக் கொண்டு பெட்டிகளின் கைப்பிடிக்கும் மணியின் இழுகயிற்றுக்கும் அலங்காரம் கட்டினார்கள். கையில் காசில்லாதவன் கரையிலிருக்கும் தன் மனிதர்களுக்குக் கொடுக்கக்கூடிய பொருள் அவன் கைவேலையாகவே இருந்தது என்பதை அந்த அறையில் நின்று நினைக்கையில், இக்கலையை வெறும் பொழுதுபோக்கு என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

காப்பாகக் கட்டப்படும் முடிச்சுக்கு ஆங்கில மாலுமிகள் தலைப்பாகையின் சாயலை வைத்து ‘டர்க்ஸ் ஹெட்’ என்று பெயரிட்டிருக்கிறார்கள். கப்பலில் அது அலங்காரம் மாத்திரமன்று. துடுப்பின் தண்டில் அதைக் கட்டிவைத்தால் வழிந்து வரும் நீர் துடுப்பாளன் கையை எட்டாமல் அங்கேயே சொட்டிவிடும். சுக்கானைத் திருப்பும் சக்கரத்தின் ஆரங்களில் ஒன்றில் மட்டும் அதைக் கட்டுவார்கள். அந்த ஆரம் நேர் மேலே நிற்கும்போது சுக்கான் நடுநிலையில் இருக்கிறது என்று பொருள். காரிருளில், புயலில், கண் உதவாத வேளையில், சக்கரம் பிடித்தவன் தன் உள்ளங்கையின் ஸ்பரிசத்தாலேயே கப்பலின் நிலையை அறிந்துகொள்ள அந்த முடிச்சு உதவியது.

இந்த ஞானமெல்லாம் வாய்மொழியாகவும் கைவழியாகவும் பரவியதே தவிர ஏட்டில் ஏறியது குறைவு. ஏட்டில் ஏற்றியவர்களில் தலையாயவர் கிளிஃபர்ட் ஆஷ்லி. 1881-ல் நியூ பெட்ஃபர்டில் பிறந்த இந்த ஓவியர் 1904-ல் ‘சன்பீம்’ என்ற திமிங்கில வேட்டைக் கப்பலில் தாமே பிரயாணம் செய்தவர். மாலுமிகளிடமும், கசாப்புக்காரர் முதலாகக் கயிற்றைக் கையாளும் எத்தனையோ தொழிலாளர்களிடமும் கேட்டுக் கேட்டுச் சேகரித்ததைப் பதினோரு ஆண்டு உழைப்பில் ஒரு பெருநூலாக்கி 1944-ல் வெளியிட்டார். அதில் 3,800-க்கும் மேற்பட்ட முடிச்சுகள். ஏறக்குறைய 7,000 படங்கள், அத்தனையும் அவரே வரைந்தவை. மூன்று ஆண்டுகளில் அவர் மறைந்தார். நான் பார்க்கச் சென்ற, காப்புக் கட்டும் அம்மையாரின் மேசையில், முதுகு பிரிந்து துணி ஒட்டிய அந்த நூலின் பிரதி ஒன்று கிடந்தது.

அவர் வீடு ஆற்றை நோக்கிய சரிவில் இருக்கிறது. வண்டி நிறுத்தும் கொட்டிலையே வேலைக்கூடமாக்கியிருக்கிறார். பின்னிய பருத்திக் கயிற்றுச் சுருள்கள் ஒரு பக்கம். கைகளின் அளவுக்கேற்பக் கடைந்த மர உருளைகள் ஒரு பக்கம். கூர் மழுங்கிய மரக்குச்சி, கோணி ஊசி, கத்தரிக்கோல் இவைதாம் கருவிகள். அவரோடு அவருடைய தங்கையும், கல்லூரி விடுமுறையில் வந்திருந்த மகளும் கட்டிக்கொண்டிருந்தார்கள். நான் தமிழ்நாட்டிலிருந்து வந்தவன் என்று அறிந்ததும் நாற்காலியொன்றைத் தம் அருகில் இழுத்துப் போட்டு, “பேசிக்கொண்டே கட்டுவேன், கண் மட்டும் கயிற்றில் இருக்கும், அதற்காக வருத்தப்படாதீர்கள்” என்று சொல்லி வேலையைத் தொடர்ந்தார்.

உருளையைச் சுற்றிக் கயிற்றைக் குறுக்காக இருமுறை போர்த்தினார். முனையை ஒன்றன் மேலும் ஒன்றன் கீழுமாகச் செலுத்தினார். இணையாக ஓடிய இரண்டு இழைகளில் ஒன்றைத் தூக்கி மற்றொன்றைத் தாண்டி வைத்து, நடுவில் பிறந்த சந்தில் முனையை நுழைத்தார். உருளையைத் திருப்பி மறுபடியும் அப்படியே செய்தார். சிறிது நேரத்தில் உருளையைச் சூழ்ந்து நின்றது நம் வீட்டுப் பெண்கள் தலையில் போடும் மூன்று கால் பின்னலேதான். நுனியில்லாமல் வளையமாக மூடிக்கொண்ட பின்னல் என்பதே வித்தியாசம். ஆனால் தலைமயிரில் மூன்று கால்களும் மூன்று தனித்தனிப் பிரிவுகள். இங்கே ஒரே கயிறு மூன்று முறை சுற்றி வந்து மூன்று கால்களாகவும் ஆகிறது.

அந்த விசேஷத்துக்குள் ஒரு கணிதம் ஒளிந்திருக்கிறது. வளையத்தின் ஓரத்தில் கயிறு திரும்பும் வளைவுகளை எண்ணினால், மூன்று கால் காப்பில் அவை நான்கு, ஐந்து, ஏழு, எட்டு, பத்து, பதினொன்று என்றிருக்கலாம். ஆறாகவோ ஒன்பதாகவோ ஒருநாளும் இருக்க முடியாது. கால்களின் எண்ணுக்கும் வளைவுகளின் எண்ணுக்கும் ஒன்றைத் தவிரப் பொது வகுஎண் இருக்கலாகாது என்பது விதி. இருந்தால் கயிறு எல்லா வழியையும் தொடாமல் முன்கூட்டியே புறப்பட்ட இடத்துக்கு வந்துவிடும், அந்தக் காப்புக்கு ஒரு கயிறு போதாமல் பல கயிறுகள் வேண்டியதாகும். ஆஷ்லி இதைத் தம் நூலில் விளக்கியிருக்கிறார். அம்மையாரின் தங்கையோ நூலைப் பார்த்துக் கற்றவரல்லர். “ஒன்பது வராது, எட்டுக்குப் பிறகு பதினொன்று” என்று அவர் சொன்ன லாகவத்தில், வகுத்தலும் மீதியும் விரல்களிலேயே குடியிருப்பதைக் கண்டேன். ஒரு முறை இழை மாற்றும் வரிசை முற்றுப்பெற்றால் மூன்று வளைவுகள் கூடுகின்றன. ஆகையால் எட்டிலிருந்து பதினொன்றுக்குத்தான் போக முடியும். காரணம் தெரிந்த பிறகும் அந்த ஆச்சரியம் எனக்குக் குறையவில்லை.

ஒற்றைச் சுற்று நிறைவடைந்ததும் முனையைத் தொடங்கிய இடத்துக்கே கொண்டுவந்து, முதல் கயிறு போன வழியையே பிசகாமல் பின்பற்றி இரண்டாம் முறையும் மூன்றாம் முறையும் செலுத்துகிறார்கள். இப்போது வளையத்தை எங்கே குறுக்கே வெட்டிப் பார்த்தாலும் ஒன்பது இழைகள். பெரியவர் கைக்குரிய பதினொரு வளைவுக் காப்புக்கு இரண்டரை மீட்டருக்கு மேல் கயிறு போகிறது. இந்த இடத்தில் பார்ப்பவருக்குக் காப்பு முடிந்துவிட்டது போலத் தோன்றும். உண்மையில் வேலையின் பெரும்பாகம் இனிமேல்தான்.

கட்டி முடிந்த காப்பு அப்போது தொளதொளவென்றிருக்கிறது; இழைகளுக்கிடையே வெளிச்சம் தெரிகிறது. அதை இறுக்கவேண்டும். முனையைப் பற்றி ஒரே இழுப்பாக இழுத்தால் அருகிலுள்ள வளைவு மட்டும் சுருங்கி, முடிச்சின் வடிவம் முழுவதும் கோணிப்போகும். ஆதலால் ஒரு முனையிலிருந்து புறப்பட்டு, முதல் இழையின் கீழே மரக்குச்சியை விட்டு நெம்பி, அதில் கிடைக்கும் சொற்பத் தொய்வை அடுத்த வளைவுக்குத் தள்ளி, அங்கே சேர்ந்ததை அதற்கடுத்ததற்குத் தள்ளி, இப்படியே 22 குறுக்குச் சந்திப்புகளையும் மூன்று மடங்காகக் கடந்து மறு முனைவரை கொண்டுபோய் அங்கே சிறிது கயிற்றை மீட்கிறார்கள். பிறகு மீண்டும் முதலிலிருந்து. இரண்டாம் சுற்றில் வெளிச்சம் மறைகிறது. மூன்றாம் சுற்றில் இழைகள் தோளோடு தோள் சேர்ந்து நிற்கின்றன. எந்த இழையும் முறுக்கிக் கொள்ளவோ தன் இணையின்மேல் ஏறவோ விடக்கூடாது. ஏறினால் அதுவரை பின்வாங்கி வரவேண்டும். கட்டுவதற்கு ஆன நேரத்தைப்போல் இரண்டு மூன்று பங்கு இதற்கு ஆகிறது. கட்டைவிரலின் ஓரத்தில் காய்த்துப்போன தோலைக் காட்டி அம்மையார் சொன்னார்: “கட்டுவதை ஒரு பிற்பகலில் எவருக்கும் கற்றுக்கொடுத்துவிடுவேன். இறுக்குவதைக் கற்பிக்க எனக்கு வழி தெரியவில்லை. எப்போது நிறுத்தவேண்டும் என்பது விரலுக்குத் தெரிய வேண்டும்.” அதிகமாய் இறுக்கினால் காப்பு மரக்கட்டைபோல் விறைத்து, நனைத்தபிறகு சுருங்க இடமின்றிக் கையை வருத்தும், குறைவாய் விட்டால் ஒரே வாரத்தில் இழை பிதுங்கிவிடும்.

இரண்டு முனைகளும் கடைசியில் உட்புறமாக, ஓர் இழையின் அடியில் சந்திக்கின்றன. அங்கே அவற்றை ஊசி நூலால் தைத்து நறுக்கிவிடுகிறார்கள். வெளிப்பக்கம் பார்ப்பவருக்கு அந்த இடம் புலப்படாது.

கயிற்றைக் கட்டுகிறவர்களைப் பார்த்தபின் அதைத் திரித்தவர்களின் நினைவும் வந்தது. முன்னே சொன்ன காட்சிசாலையில் இருநூற்றைம்பது அடி நீளக் கயிற்றுக்கூடம் ஒன்று இருக்கிறது. மாசசூசெட்ஸில் பிளிமத் கார்டேஜ் கம்பெனி 1824-ல் கட்டிய ஆயிரம் அடி நீளக் கூடத்தின் ஒரு துண்டு அது. கம்பெனியை ஸ்தாபித்த போர்ன் ஸ்பூனர், நியூ ஆர்லியன்ஸில் அடிமைகளைக் கொண்டு கயிறு திரிக்கப்படுவதை நேரில் கண்டு, சுதந்திர மனிதரின் உழைப்பே மேல் என்ற அபிப்பிராயத்தோடு ஊர் திரும்பித் தொழில் தொடங்கியவர். அங்கேயும் கூலி விஷயம் தீர்ந்தபாடில்லை; பின்னாளில் உலகமறிந்த வழக்கில் 1927-ல் மரண தண்டனைக்கு ஆளான வான்செட்டி அந்தக் கம்பெனியில் வேலை பார்த்தவர், 1916-ல் அங்கே நடந்த வேலைநிறுத்தத்தில் பங்குகொண்டவர். காலியாகக் கிடக்கும் அந்த நீண்ட கூடத்தில் நடந்தபோது, கயிற்றைத் திரித்தவனுக்கும், அதைப் பிடித்துப் பாய் ஏற்றியவனுக்கும், அதன் பழந்துண்டில் அழகு கண்டவனுக்கும் கிடைத்த ஊதியம் எப்போதும் அவர்கள் உழைப்புக்குக் குறைவாகவே இருந்திருக்கிறது என்று எனக்குத் தோன்றியது.

அம்மையாரின் நிலையும் அதிலிருந்து வெகுதூரத்தில் இல்லை. அவர் காப்புகளைக் கடைகளில் வைத்துவிட்டு வருகிறார். விற்றபின்தான் பணம், அதிலும் கடைக்காரர் பாகம் போக. கோடை மூன்று மாத வருமானத்தை மீதி ஒன்பது மாதத்துக்கும் நிரவ வேண்டும். குளிர்காலம் முழுவதும் கட்டி அடுக்கிவைப்பதற்கு வரும்படி கிடையாது. அதே கடையின் அதே தட்டில், எங்கோ மொத்தமாகக் கட்டி வந்த செயற்கை நூல் காப்புகள் பாதி விலைக்குக் கிடக்கின்றன. அவை நனைத்தாலும் சுருங்குவதில்லை. “இந்த முடிச்சைக் கட்டும் இயந்திரத்தை நான் பார்த்ததில்லை, ஆகவே அதையும் யாரோ ஒருத்திதான் கட்டியிருப்பாள். அவளுக்கு என்ன கொடுத்திருப்பார்கள் என்று நினைக்கும்போதுதான் எனக்குக் கோபம் வருகிறது” என்றார் தங்கை. தமக்குப் போட்டியாக வந்த பொருளைக் கட்டிய, முகமறியாத அந்தப் பெண்ணுக்காக அவர் கோபப்பட்டதை நான் மிகப் பெரிதாக மதிக்கிறேன்.

நியூ இங்கிலாந்துக் கரைக்குச் செல்லும் அன்பர்கள் மாலுமிக் காப்பு வாங்க நேர்ந்தால், முதலில் அதைத் திருப்பி உட்புறத்தைப் பாருங்கள். முனைகள் தைக்கப்பட்டிருக்கின்றனவா, மூன்று இழைகளும் ஒன்றன்மேல் ஒன்று ஏறாமல் படுத்திருக்கின்றனவா, வெளிச்சத்தில் பிடித்தால் சந்து தெரிகிறதா என்று கவனியுங்கள். யார் கட்டியது என்று கடைக்காரரைக் கேளுங்கள். பெயர் சொல்லத் தெரிந்த கடையில் வாங்குங்கள். முடிந்தால் கட்டியவரையே தேடிச் சென்று, அவர் சொல்லும் விலையைக் குறைக்காமல் கொடுத்துவிடுங்கள்.