பெட்டிக்குள் போகாதவை: மீஞ்சூர்க் குறிப்புகள்

மீஞ்சூர் சாலையில் டேங்கர் லாரிக்குப் பின்னால் மாட்டிக்கொண்டால், அதன் முதுகைப் படிப்பதைத் தவிர வேறு வேலை இல்லை. சாய்சதுரத் தகடு, அதில் ஒரு தீச்சுடர், பக்கத்தில் நான்கு இலக்க எண். 1075 என்றால் சமையல் எரிவாயு. 1203 பெட்ரோல். 1005 அமோனியா, 2023 டிசம்பர் 26 இரவு கடலடிக் குழாயிலிருந்து கசிந்து, எண்ணூர் பெரியகுப்பத்து மக்களை மூச்சுத் திணற வீட்டை விட்டு ஓட வைத்ததும் அதுதான்.

இந்த எண்கள் ஐக்கிய நாடுகள் சபை வகுத்தவை. லாரிக்கும் கப்பலுக்கும் விமானத்துக்கும் ஒரே எண். காட்டுப்பள்ளிக்கும் காமராஜர் துறைமுகத்துக்கும் போகும் கன்டெய்னரில் ஒட்டுவதும் இதையே. அதே பட்டியலில் கொப்பரைக்கு 1363, சூடத்துக்கு 2717, தனியாக எடுத்துச் செல்லும் லித்தியம் அயன் பேட்டரிக்கு 3480. விமானத்தில் எதைக் கொண்டுபோகக் கூடாது என்ற பட்டியலின் பெரும்பகுதி இங்கிருந்து வருவது. இந்தத் தகடுகளைப் பார்த்தே வளர்ந்த ஊரில் அதைப் புரியவைப்பது கஷ்டமில்லை. யாரும் சொல்வதில்லை, அவ்வளவுதான்.

*

ஆபத்தான சரக்கு மொத்தம் 9 வகை. ஒன்றைத் தவிர எல்லாமே நம் வீட்டிலேயே இருக்கின்றன. 1: வெடிபொருள் — பட்டாசு. 2: வாயு — சிலிண்டர். 3: எரியும் திரவம் — பெயின்ட், தின்னர். 4: எரியும் திடப்பொருள் — சூடம், தீப்பெட்டி. 5: நெருப்புக்கு ஆக்சிஜன் கொடுப்பவை — பிளீச்சிங் பவுடர். 6: நஞ்சு — பூச்சிமருந்து. 7: கதிரியக்கப் பொருள் — இது மட்டும் வீட்டில் கிடையாது, ஆனால் தொழிற்சாலைகளில் வெல்டிங்கைச் சோதிக்கும் கருவியில் உண்டு. 8: அரிப்பவை — பேட்டரி ஆசிட். 9: மற்றவை — லித்தியம் பேட்டரி.

ஐந்தாம் வகைக்கு ஒரு கதை. 1996 மே 11 அன்று வேல்யூஜெட் 592 விமானம் அமெரிக்காவின் மயாமியிலிருந்து கிளம்பிய சில நிமிடங்களில் தீப்பிடித்துச் சதுப்புநிலத்தில் விழுந்தது. 110 பேரும் இறந்தார்கள். சரக்கறையில் இருந்தவை ஆக்சிஜன் உண்டாக்கும் பழைய வேதிக் குப்பிகள். சரக்குச் சீட்டில் ‘காலி’ என்று எழுதியிருந்தது. காலியாக இல்லை.

*

கொப்பரை. இதைத் தடுக்கும்போதுதான் நம் ஆட்களுக்குக் கோபம் வருகிறது. ‘தேங்காய் என்ன குண்டா?’

காய்ந்த தேங்காயில் பாதிக்கு மேல் எண்ணெய். அது காற்றோடு கலந்து மெல்ல மெல்லச் சூடேறும். மூட்டையாகக் கட்டிக் காற்றோட்டமில்லாத இடத்தில் போட்டால் அந்தச் சூடு வெளியேற வழியில்லை. யாரும் பற்றவைக்காமலே புகையும். வகை 4-இல் ‘தானே தீப்பற்றுபவை’ என்ற பிரிவில் கொப்பரையை வைத்திருப்பது இதனால்தான். தண்ணீர் ஆடும் பச்சைத் தேங்காய்க்கு அந்தக் குணம் இல்லை. அது செக்-இன் பெட்டியில் போகும்.

சபரிமலைக்குப் போகிறவர்களின் சிக்கல் வேறு. இருமுடியில் நெய்த்தேங்காய் இருக்கும். இருமுடியைப் பெட்டியில் போட்டு அனுப்ப மனம் வராது. 2024 அக்டோபரில் விமானப் பாதுகாப்பு அமைப்பான பி.சி.ஏ.எஸ். அந்தப் பருவத்துக்கு மட்டும், 2025 ஜனவரி 20 வரை, இருமுடித் தேங்காயைக் கையோடு கொண்டுபோக அனுமதித்தது. எக்ஸ்ரே, வெடிமருந்துச் சோதனை, கையால் தடவிப் பார்ப்பது எல்லாம் முடிந்த பிறகுதான். பக்தியை மறுக்காமலும் சோதனையை விடாமலும் ஒரு வழி கண்டார்கள். மற்ற விதிகளையும் இப்படி யோசித்தால் நல்லது.

இருமுடியில் சூடமும் இருக்கும். அதற்குச் சலுகை இல்லை. எருமேலியிலோ பம்பையிலோ வாங்கிக்கொள்ளலாம்.

*

தீப்பெட்டி, லைட்டர்: சில வெளிநாட்டு விமான நிலையங்களில் சட்டைப்பையில் ஒரு லைட்டர் வைத்திருக்க விடுவார்கள். இங்கே கையிலும் கூடாது, பெட்டியிலும் கூடாது. துபாயிலிருந்து லைட்டரோடு வந்தவர், ஊரிலிருந்து திரும்பும்போது பறிகொடுப்பது இதனால்தான்.

*

பவர் பேங்க். கொப்பரைக்குக் கோபம், இதற்குக் குழப்பம். கத்தியைப் பெட்டியில் போடச் சொல்கிறார்கள், பவர் பேங்க்கைக் கையில் வைக்கச் சொல்கிறார்கள். ஏன் தலைகீழ்?

கத்தி, ஆள் கைக்கு எட்டினால் ஆபத்து. பேட்டரி, ஆள் கைக்கு எட்டாவிட்டால் ஆபத்து. லித்தியம் பேட்டரியின் ஓர் அறை சூடேறினால் அது அடுத்த அறையைச் சூடேற்றும், அப்படியே தொடரும். சரக்கறையில் இருக்கும் தீயணைப்பு வாயு சுடரை அடக்கும், ஆனால் பேட்டரிக்குள் நடக்கும் இந்தச் சங்கிலியை நிறுத்தாது. பயணிகள் பகுதியில் என்றால் புகை கண்ணுக்குத் தெரியும், பணிப்பெண் தண்ணீர் ஊற்றிக் குளிர்விப்பார்.

2025 ஜனவரி 28, தென்கொரியா, பூசான் கிம்ஹே விமான நிலையம். ஏர் பூசான் விமானம் கிளம்பும் முன்பே மேல்தட்டில் தீ. உள்ளே இருந்த 176 பேரும் இறங்கித் தப்பினார்கள். விமானத்தின் கூரை எரிந்துபோனது. பவர் பேங்க் காரணமாக இருக்கலாம் என்றது விசாரணை. கொரியா மேல்தட்டில் வைப்பதைத் தடுத்தது. சிங்கப்பூர் ஏர்லைன்ஸ் 2025 ஏப்ரலிலிருந்தும் எமிரேட்ஸ் அக்டோபரிலிருந்தும் விமானத்துக்குள் பவர் பேங்க்கைப் பயன்படுத்தவே விடுவதில்லை.

கணக்கு எளிது. அட்டையில் போட்டிருக்கும் மில்லி ஆம்பியர்-மணி எண்ணை 3.7-ஆல் பெருக்கி 1000-ஆல் வகுத்தால் வாட்-மணி. 10,000 என்றால் 37. 20,000 என்றால் 74. 100 வரை கையோடு போகலாம். 30,000 என்றால் 111. நூறைத் தாண்டினால் விமான நிறுவனத்தின் அனுமதி வேண்டும். 160-க்கு மேல் யார் கேட்டாலும் கிடையாது. எண் அழிந்துபோன பவர் பேங்க்கைச் சோதனையில் எடுத்து வைத்துவிடலாம். எனவே பஜாரில் பேரம் பேசி வாங்கும்போது விலையோடு அந்த எழுத்தையும் பாருங்கள்.

*

டிக்கெட் போடும் கடையில் கேட்டது.

“தம்பி, எம்பையன் ரூம்ல பத்து பேரு. ஆளுக்கு ஒரு கரண்டின்னாகூட ரெண்டு கிலோ ஊறுகா வேணும்பா.”

“எடுத்துனு போவட்டும்மா. கைப்பையில வேணாம், பெட்டியில போடுங்க. மூடி மேல டேப் சுத்திடுங்க, கவர்ல போட்டு முடிஞ்சிடுங்க.”

சரியான பதில். வெளிநாட்டு விமானத்தில் கையோடு கொண்டுபோகும் திரவம் ஒரு குப்பிக்கு 100 மில்லிக்கு மேல் கூடாது. ஊறுகாய், நெய், தேன் எல்லாம் அந்தக் கணக்கில் திரவம்தான். 2006 ஆகஸ்டில் லண்டனில் பிடிபட்ட சதியிலிருந்து வந்தது இந்த விதி: குளிர்பானப் பாட்டிலில் வெடிதிரவம் நிரப்பி அட்லாண்டிக்கைக் கடக்கும் விமானங்களில் ஏறத் திட்டமிட்டிருந்தார்கள். குழந்தைக்கான பாலுக்கும் தேவையான மருந்துக்கும் விலக்கு உண்டு. மருத்துவர் சீட்டு கையில் இருக்கட்டும்.

மிளகாய்த்தூளையும் கையில் விடமாட்டார்கள். கண்ணில் தூவ ஒரு பிடி போதுமே.

பழவேற்காட்டுக் கருவாடும் சென்னாகூனியும் ஈரமில்லாமல், மணம் கசியாமல் கட்டினால் பெட்டியில் போகும். இறங்கும் நாடு விடுமா என்பது தனிக் கேள்வி. ஆஸ்திரேலியாவும் நியூசிலாந்தும் எந்த உணவுப் பொருளையும் படிவத்தில் எழுதிக் காட்டச் சொல்லும். எழுதினால் அதிகபட்சம் பொருள் போகும். மறைத்தால் அபராதம்.

*

எடை. உள்நாட்டில் பெரும்பாலும் பெட்டிக்கு 15 கிலோ, கைப்பைக்கு 7. கைப்பையின் நீளம், அகலம், உயரம் கூட்டினால் 115 சென்டிமீட்டருக்குள். வளைகுடா விமானங்களில் டிக்கெட்டைப் பொறுத்து 20, 30 என்று மாறும். அதனால் டிக்கெட்டில் அச்சாகியிருப்பதே கணக்கு, பக்கத்து வீட்டுக்காரர் போனமுறை கொண்டுபோனது கணக்கில்லை.

30 கிலோ அனுமதி என்றால் ஒரே பெட்டியாகப் போடலாம். 40 என்றால் முடியாது. ஒரு பெட்டி 32 கிலோவைத் தாண்டக் கூடாது. விமானம் தாங்காது என்பதற்காக இல்லை. அதைத் தூக்குகிறவரின் இடுப்பு தாங்காது என்பதற்காக. சாமான் தூக்குவது எப்படிப்பட்ட வேலை என்று தெரிந்த ஊர் இது. இந்த ஒரு விதிக்கு இங்கே யாரும் முகம் சுளிக்க மாட்டார்கள்.

பெட்டியை வீட்டிலேயே எடை போடுவது நல்லது. பழைய பேப்பர் கடைத் தராசு போதும். விமான நிலையத்தில் எல்லோர் முன்னாலும் பெட்டியைப் பிரித்து, பருப்புப்பொடியா புடவையா என்று முடிவெடுப்பது கொடுமை.

*

‘அந்தப் பயணி வரவில்லை, அவர் பெட்டியை இறக்குகிறார்கள்’ என்று அரைமணி நேரம் விமானம் நிற்கும். எல்லோரும் திட்டுவார்கள். திட்டுவதற்கு முன் மீனம்பாக்கம் விமான நிலையத்தில் நடந்ததை நினைக்க வேண்டும்.

1984 ஆகஸ்ட் 2. கொழும்பு போகும் ஏர் லங்கா விமானத்துக்கு ஒருவர் இரண்டு பெட்டிகளைப் பதிந்துவிட்டு, தான் ஏறாமல் மறைந்தார். ஆள் இல்லாத பெட்டிகளை ஏற்றாமல் நிலையத்திலேயே நிறுத்திவைத்தார்கள். தொலைபேசியில் எச்சரிக்கை வந்தது. பெட்டிகளை அப்புறப்படுத்துவதற்குள் இரவில் குண்டு வெடித்தது. 30-க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். அவர்களில் பலர் இலங்கைப் பயணிகள். தமிழ் ஈழ ராணுவம் என்ற சிறு குழுவின் வேலை அது.

அடுத்த ஆண்டே, 1985 ஜூன் 23 அன்று, ஏர் இந்தியாவின் கனிஷ்கா விமானம் அயர்லாந்துக்கு அருகே அட்லாண்டிக் கடலுக்கு மேல் வெடித்தது. 329 பேர் இறந்தார்கள். வான்கூவரில் ஒருவர் பெட்டியை மட்டும் ஏற்றிவிட்டுத் தான் ஏறவில்லை. அந்தப் பெட்டி டொரான்டோவில் விமானம் மாறிப் போனது. அதே நாளில் ஜப்பானின் நரிட்டாவில் இன்னொரு பெட்டி வெடித்து, சாமான் ஏற்றும் ஊழியர் இருவர் இறந்தனர். ஆள் இல்லாமல் பெட்டி பறக்கக் கூடாது என்ற விதி உலகம் முழுதும் இறுகியது இதற்குப் பிறகுதான். அந்த அரைமணி நேரம் வீண் இல்லை.

*

“அண்ணே, ஒரே ஒரு கவர்தான். நம்ம பையனாண்ட குடுத்துடுங்க.”

வளைகுடாவுக்குப் போகிறவர் யாரும் தப்பாத வேண்டுகோள். மறுப்பதும் சங்கடம். ஆனால் பெட்டியில் இருப்பது எல்லாம் சட்டப்படி பெட்டிக்காரருடையது. கவருக்குள் குருமா மசாலாவுக்கென்று கசகசா இருந்தால்? வளைகுடா நாடுகளிலும் சிங்கப்பூரிலும் கசகசா தடை. அபின் செடியின் விதை அது. முதுகுவலிக்கு இங்கே எழுதித்தரும் டிரமடால் மாத்திரை, கோடீன் கலந்த இருமல் மருந்து இரண்டும் ஐக்கிய அரபு அமீரகத்தில் கட்டுப்படுத்தப்பட்டவை. முன் அனுமதி இல்லாமல் கொண்டுபோனால் வழக்கு.

வாங்கித்தான் ஆக வேண்டும் என்றால் கொடுப்பவர் முன்னாலேயே பிரித்துப் பாருங்கள். ‘நம்பிக்கை இல்லையா?’ என்று கேட்டால், ‘எனக்கு இருக்குதுண்ணே, அங்க கஸ்டம்ஸ்காரனுக்கு இல்ல’ என்று சொல்லுங்கள்.

*

ரயிலுக்கும் விதி உண்டு என்பதை எல்லோரும் மறந்துவிட்டோம், ஏனென்றால் அங்கே ஸ்கேனர் அநேகமாக இல்லை. 2023 ஆகஸ்ட் 26 அதிகாலை மதுரையில் நின்றிருந்த சுற்றுலாப் பெட்டியில் தீ. உத்தரப்பிரதேசத்திலிருந்து யாத்திரை வந்தவர்கள் 9 பேர் இறந்தார்கள். யாருக்கும் தெரியாமல் ஏற்றிய சிலிண்டர், அதில் தேநீர் போட்டபோது நடந்தது. ரயில்வே சட்டம் 164-ஆம் பிரிவில் மூன்றாண்டு வரை சிறை என்று இருக்கிறது. நெடுந்தூரம் ரயிலேறி ஒடிசாவுக்கும் பீகாருக்கும் போகும் நம் ஊர்த் தொழிலாளிகளிடம் இதை யார் சொன்னார்கள்?

*

பெட்டி வராவிட்டால்: சுற்றும் பட்டையருகே நின்று அழுது பயனில்லை. வெளியே வருவதற்கு முன்பே விமான நிறுவனத்தின் மேசையில் பி.ஐ.ஆர். என்ற புகார்ச் சீட்டு வாங்க வேண்டும். இந்தியா 2009-இல் சேர்ந்த மான்ட்ரியல் உடன்படிக்கைப்படி, வெளிநாட்டுப் பயணத்தில் பெட்டி சேதமானால் 7 நாளுக்குள், தாமதமாக வந்தால் வந்து சேர்ந்த 21 நாளுக்குள் எழுத்தில் புகார் கொடுக்க வேண்டும். வாயால் சொன்னது செல்லாது. பெட்டியில் ஒட்டும் நாடாவின் துண்டைத் தூக்கி எறியாதீர்கள். நகை, பாஸ்போர்ட், சான்றிதழ், அன்றாட மாத்திரை நான்கும் கைப்பையில்.

*

வழி. மீஞ்சூரிலிருந்து புறநகர் ரயிலில் விம்கோ நகர் இறங்கி, அங்கிருந்து மெட்ரோவின் நீலத் தடத்தில் ஏறினால் மாறாமல் விமான நிலையம். பெட்டி ஒன்றென்றால் இதுதான் மலிவு. இரண்டுக்கு மேல் என்றால் வெளிவட்டச் சாலையில் வண்டி.

*

கடைசியாக ஒரு கோரிக்கை. டிக்கெட் போடும் கடைக்காரர்களுக்கும், ஆட்களை வெளிநாட்டுக்கு அனுப்பும் ஏஜென்டுகளுக்கும். பத்து வரிகளில், தமிழில், பெரிய எழுத்தில் ஒரு தாள் ஒட்டுங்கள். ‘கூடாது’ என்று மட்டும் எழுதினால் அதை ஏமாற்றத்தான் ஆள் பார்ப்பான். ஏன் கூடாது என்று பக்கத்தில் அரைவரி எழுதுங்கள். இந்தி, ஒடியா, வங்காளத்திலும் ஒட்டினால் புண்ணியம். ஊர்க்காரர்களுக்குச் சொல்வது இவ்வளவே: தாள் இல்லாத கடையில் டிக்கெட் போடும்போது, பணத்தைக் கொடுப்பதற்கு முன் எவ்வளவு எடை, எதெல்லாம் கூடாது என்று கேட்டு எழுதி வாங்குங்கள்.